பச்சைத் தொப்பிக் கூட்டம்

மைக்காரருக்கு ஓசியில் கிடைக்கிற எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடையில் எழுதிப் போட்டிருந்தால், அந்த இலவசத்தைக் கடைக்காரர் மேசையிலேயே வைத்துவிட்டு வருகிற மனுஷன். டாக்டர் சிரித்துப் பேசினால் வியாதி பெரிசு என்று முடிவுகட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் வலிய வந்து நலம் விசாரித்தால், ஏணியைக் கடன் கேட்கத்தான் அடிபோடுகிறார் என்று ஏணியை எடுத்து உள்ளே வைப்பார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பாதி நேரம் அவர் நினைத்ததுதான் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நிஜமாகவே ஏணிதான் கேட்டார்.

அவருக்கு இப்படி ஒரு புத்தி வந்ததற்குத் தொழிலும் ஒரு காரணம். மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை அவருடையது. ஒரே அறை. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சுருட்டிய வயர், கீழே காலை நீட்ட இடமில்லாமல் ஸ்பீக்கர் பெட்டிகள். கட்சிக் கூட்டங்களுக்கு மைக் கட்டிக் கட்டியே, எது தானாக வந்த கூட்டம், எது வேனில் ஏற்றிக்கொண்டு வந்த கூட்டம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். "கூட்டிட்டு வந்த கூட்டம் ஒண்ணா வரும், ஒண்ணா போகும். கை தட்டச் சொன்னா தட்டும். யாரையும் திட்டாது. திட்டுறதுக்கு அவனுக்கு என்ன வந்துச்சு?" என்று டீக்கடையில் உட்கார்ந்து வகுப்பே எடுப்பார்.

ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கட்சிக் கூட்டமில்லை, கிரிக்கெட். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் மைதானத்தில் ஆட்டம் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை வர்ணனை அவர்தான். ஸ்கோர் பலகைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. ஒரு மேசை, மூடி இல்லாத ஃபேன், ஒரு சொம்புத் தண்ணீர். கிரிக்கெட்டில் ஒரு பந்து போட்டு அடுத்த பந்து போடுவதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது! பந்து போடுகிறவன் பேன்ட்டில் தேய்ப்பான், திரும்பி நடப்பான், யோசிப்பான். அந்த இடைவெளிதான் மைக்காரருடைய ராஜ்யம். கண்ணாடிக்கடை விளம்பரம் சொல்வார். கேட்ச் விட்டவனை, "தம்பி, கையில எண்ணெய் தடவிக்கிட்டா வந்தே? வீட்ல அம்மா தேடுறாங்க, எண்ணெய்ப் புட்டியைக் காணோமாம்!" என்பார். மைதானமே குலுங்கும். ஆட்டத்தைப் பார்க்க வந்தவன் பாதி, இவர் வாயைக் கேட்க வந்தவன் பாதி.

அத்தனை பேச்சும் மைதானத்தோடு சரி. வீட்டுக்கு வந்தால் தொண்டையைக் காப்பாற்றியாக வேண்டுமே! உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, மிட்டாய் மாதிரி ஒரு தொண்டை மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பாடு வேண்டுமென்றால் கையைக் குவித்துக் காட்டுவார், போதுமென்றால் உள்ளங்கையை விரிப்பார், விளக்கை அணைக்க வேண்டுமென்றால் விரலால் கூரையைக் காட்டுவார். அவர் மனைவிக்கு இந்தப் பாஷை தண்ணீர்பட்ட பாடு. மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு அந்த வீட்டில் பேச்சுக் கொடுக்க ஆளே இல்லை என்பதை அந்த அம்மாவும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட ஊரில்தான் கால்பந்து வந்து இறங்கியது.

இறக்கியவர் டைல்ஸ் கடை முதலாளி. வெளியூரில் படித்தவர், அங்கே கால்பந்து ஆடியவர், வயது குறைவு, பல்வரிசை அழகு. சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தை எடுத்துக்கொண்டார். நாலு மூலையிலும் விளக்குக் கம்பம் நட்டார், எதிர்ப்பக்கம் புதிதாகப் படிக்கட்டு கட்டி உட்கார இடம் போட்டார். நுழைவு இலவசம். அதோடு விட்டாரா, வாசலில் ஆளுக்கொரு பச்சைத் தொப்பியும் இலவசம். மைக்காரருக்கு உடம்பெல்லாம் முள் குத்தின மாதிரி ஆகிவிட்டது.

மைதானக் கமிட்டிச் செயலாளர் வேறு யாருமில்லை, மைக்காரரின் மச்சினன்தான், மனைவியின் தம்பி. அவன் கடைக்கு வந்து, "மாமா, சனிக்கிழமையும் மைக் நீங்கதான். அவரே கேட்டாரு" என்றான்.

"ஏன் கேட்டாரு?"

"மைக் வேணும்னுதான்."

"அது தெரியுது மாப்ளே. எதுக்காக இதெல்லாம்? இந்த ஊர்ல முடிவெட்டுற கடையிலிருந்து பஞ்சர் கடை வரைக்கும் சுவர்ல எவன் படம் தொங்குது? மட்டை பிடிச்சவன் படம். இங்க வந்து ஒருத்தன் காலால பந்தை உதைச்சுக் கூட்டம் சேர்க்கிறேங்கிறான்னா, உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு. எலி ஏன் அம்மணமா ஓடுதுன்னு கேட்கணுமா வேண்டாமா?"

"நீங்க எலியையே பார்த்துக்கிட்டிருங்க, நான் போறேன்" என்று மச்சினன் கிளம்பிவிட்டான்.

முதல் ஆட்டத்தன்று மைக்காரர் பழக்கப்படி மேசையைத் துடைத்து, சொம்பை வைத்து, விளம்பரங்களை மனசில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டம் ஆரம்பித்தது. மூச்சு விட இடம் கொடுத்தால்தானே! அவர் ஒருவன் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து மூன்றாவது ஆளிடம் இருந்தது. நாக்கு குழறியது. ஒருவழியாகப் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. அப்பாடா, வந்ததடா இடைவெளி என்று மைக்கை நெருங்கி, "கண்ணுக்குக் கண்ணாக உங்கள் கண்ணைக் காக்கும்..." என்று கண்ணாடிக்கடையை ஆரம்பித்து, தலையைக் குனிந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் முழுக்க எழுந்து நின்று ஓவென்று கத்துகிறது. கைகலப்பு என்றே நினைத்துவிட்டார் மனுஷன்.

"யார் அடிச்சா? யார் அடிச்சா?" என்று மைக்கிலேயே பதறினார்.

கோல் அடித்திருந்தார்கள். அன்றைக்கு விழுந்த ஒரே கோல். மைதானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வெளியே போன பந்தை உள்ளே எறிய நேரமாகும் என்று கிரிக்கெட் கணக்கில் இருந்த மனுஷன், ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் டைல்ஸ்காரர் மேலே ஏறி வந்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஆட்டத்துக்கு நடுவுல பேச்சு வேண்டாம். ஆரம்பத்துல வரவேற்பு, கோல் போட்டவர் பேரு, அது போதும். மத்தபடி கூட்டம் கத்தட்டும்" என்று பல் தெரியச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, தொண்டையைக்கூடப் பார்க்காமல் மனைவியிடம் வேறு கதை விட்டார். "இன்னிக்கு மைக்ல ஒரு போடு போட்டேன் பாரு, கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அந்த டைல்ஸ்காரன் மேல ஏறி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டான்."

மனைவி உம் கொட்டினார். கேட்காமலேயே இன்னொரு கரண்டி பரிமாறினார். அந்த அம்மாவும் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். அக்காவுக்கு முட்டிவலி, துணைக்கு ஆளில்லை, சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அதன்பிறகு மைக்காரருக்குச் சனிக்கிழமைகளில் வாய்க்கு வேலையில்லை. வாய் சும்மா இருந்தால் கண் சும்மா இருக்குமா? எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தையே குறுகுறுவென்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க விளங்கியது. எல்லோரும் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே வந்துவிடுகிறார்கள். முடிந்தால் மொத்தமாக எழுந்து போகிறார்கள். கிரிக்கெட்டுக்கு எவன் நேரத்துக்கு வந்தான்? காய்கறி வாங்கப் போனவன் எட்டிப் பார்ப்பான், ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திரும்ப வருவான். நேரத்துக்கு வருகிற கூட்டம் என்றால் அது கூட்டிவந்த கூட்டம். தலைக்குத் தலை பச்சைத் தொப்பி வேறு. ஒரு சனிக்கிழமை வாசல் ஓரமாக நின்று வேவு பார்த்தார். டைல்ஸ் கிடங்கின் வேன் வந்து நின்றது. திபுதிபுவென்று ஆட்கள் இறங்கினார்கள். "மாட்டினான்டா!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் மச்சினன் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டான். டைல்ஸ்காரர் ஞாயிற்றுக்கிழமையையும் கேட்கிறாராம். "சனிக்கிழமை இவ்வளவு கூட்டம் வருது, ஞாயிறும் கொடுங்க"ங்கிறாராம். கிரிக்கெட்டை ஊருக்கு வெளியே பொட்டல் மைதானத்துக்கு மாற்றிக்கொள்ளலாமாம். அங்கே மின்சாரமும் கிடையாது, மேடையும் கிடையாது, மைக்கைக் கொண்டுபோய் எதில் செருகுவது? வரும் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கமிட்டி கூடி முடிவு செய்யப்போகிறது.

மைக்காரர் சுருட்டிக்கொண்டிருந்த வயரைக் கீழே போட்டார். ஞாயிற்றுக்கிழமை போனால் அவரிடம் என்ன மிச்சம்? வயரும் பெட்டியும். வயரும் பெட்டியும் எவனிடமும் இருக்கும்.

"கூட்டமே பொய்யின்னு நிரூபிச்சா?" என்றார்.

"நிரூபிங்க, பார்ப்போம். சும்மா வாய் வார்த்தையா சொன்னா கமிட்டி கேட்காது மாமா."

வயர் இல்லாத மைக் ஒன்று அவரிடம் இருந்தது. கையில் பிடித்துக்கொண்டு மைதானம் முழுக்க நடக்கலாம், பேசுவது நாலு பக்கமும் கேட்கும். இடைவேளையில் எதிர்ப்பக்கம் போய், ஒரு பச்சைத் தொப்பியைப் பிடித்து, "உங்களை யார் கூட்டிட்டு வந்தது?" என்று ஊரறியக் கேட்டுவிட வேண்டும். திடீரென்று கேட்டால் எவனும் உளறிவிடுவான். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

அந்த வாரம் முழுக்க அவர் உற்சாகமாக இருந்தார். மனைவிக்குத் தொண்டை கம்மியிருந்ததைக்கூடக் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இப்போதெல்லாம் அந்த அம்மாவுக்குக் குரலே எழும்புவதில்லை. "என்ன, அக்காவோட சண்டையா?" என்று கேட்டு, தன் மாத்திரை டப்பாவை நகர்த்திவைத்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஊரையே சந்தேகப்படுகிற ஆள், பாருங்கள்.

சனிக்கிழமை வந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மச்சினன் மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பேச்சுவாக்கில், "பெரியக்கா தன் மக வீட்டுக்குப் போய் ஒரு மாசமாச்சு, ஒரு போனைக் காணோம்" என்றான்.

மைக்காரருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "யாரு? முட்டிவலின்னு..."

"முட்டிவலியா? அவங்க பேரப்பிள்ளைக்குப் பின்னால ஓடிக்கிட்டிருக்காங்க. ஏன் மாமா?"

"ஒண்ணுமில்ல" என்றார். ஒண்ணுமில்லையாவது! தலைக்குள் ஆயிரம் பூச்சி பறந்தது. பூட்டின வீட்டுக்குத்தான் இவள் சனிக்கிழமைதோறும் தலைவாரிப் புடவை மாற்றிக்கொண்டு போகிறாளா? எங்கே போகிறாள்? யாரைப் பார்க்கப் போகிறாள்? இத்தனை வருஷத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர் மனைவிதான். சந்தேகப்படுகிற அளவுக்குக்கூட அவளைப் பற்றி யோசித்ததே இல்லை என்பதும் அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

இடைவேளை விசில் ஊதினார்கள். ஒரு நேரத்தில் ஒரு திருடனைத்தான் பிடிக்க முடியும் என்று மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டு, கைமைக்கை எடுத்து இறங்கினார்.

"வணக்கம் ரசிகப் பெருமக்களே! இதோ உங்கள் மத்தியிலேயே வந்துவிட்டேன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே மைதானத்தின் குறுக்கே நடந்தார். எதிர்ப்பக்கம் கை தட்டியது. படியேறினார். வேனில் வந்தவர்கள் உஷாராகிவிடுவார்கள் என்று அவர்களைத் தாண்டி, ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியைக் குறிவைத்தார். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சரியான திருட்டுக் கோலம். மடியில் கனம் இருக்கிற ஆள்தான் இப்படி உட்காரும்.

"அம்மா, வெட்கப்படாம சொல்லுங்க. உங்களை யார் இங்க கூட்டிட்டு வந்தது?" என்று மைக்கை முகத்துக்கு நேரே நீட்டினார்.

பெண்மணி தொப்பியை எடுத்தார். அவர் மனைவி.

மைக்காரர் ஒரு படி பின்வாங்கினார். "நீயா? உன்னை யாரு..." என்றார். அதுவும் மைக்கில்தான் போனது.

"யாரும் கூட்டிட்டு வரல" என்றார் மனைவி. குரல் கரகரத்தது. மைக் அதை எடுத்து நாலு மூலைக்கும் கொண்டுபோனது. "நானாத்தான் வந்தேன். ஏழரைக்கு முடியும்னா ஏழரைக்கு முடியுது. சமைச்சு வெச்சுட்டு வர்றேன், வீட்டுக்குப் போறேன். இதுல என்னங்க?"

மைதானம் கப்சிப். பேர்பெற்ற மைக்காரர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள். எவன் எப்போது எந்த இடைவெளி கொடுத்தாலும் நிரப்பிவிடுகிற வாய் அது. அதற்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மைக்கை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்படியே நின்றார். அவமானமா கோபமா என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்துவிட்டது.

விசில் ஊதினார்கள். ஆட்டக்காரர்கள் ஓடி வந்தார்கள். பந்து நகர்ந்தது, உடனே ஒருவன் இன்னொருவன் காலை வாரினான், நடுவர் கண்டுகொள்ளவில்லை. மனைவி தன்னை மறந்து எழுந்தார்.

"கண்ணு தெரியலையா உனக்கு? அது ஃபவுல்டா மடையா!"

கடையில் மீதிச் சில்லறையைக்கூட வாய்விட்டுக் கேட்காத மனுஷி. மைக்காரர் அயர்ந்துபோய்ப் பார்த்தார்.

"நகருங்க," என்றார் மனைவி அவரிடம், "மறைக்குது."

அதுவும் நாலு மூலைக்கும் கேட்டது. மைதானம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணாடிக்கடை விளம்பரத்தன்று சிரித்ததெல்லாம் அதற்கு முன்னால் கால் தூசு. மைக்காரர் நகர்ந்தார். நகர்ந்து, வேறு போக்கிடம் தெரியாமல், பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து கமிட்டி அறையில் கூடினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், காகிதக் கோப்பையில் டீ. மச்சினன், "மாமா, கூட்டம் பொய்யின்னு ஆதாரம் காட்டுறேன்னீங்களே" என்றான். அவனுக்கும் முகம் சரியில்லை. மைக்கில் கேட்டது அவன் அக்கா குரல்தானே.

மைக்காரர் டைல்ஸ்காரரைப் பார்த்தார். "தம்பி, வேன்ல வந்தவங்க யாரு?"

"எங்க கிடங்கு ஆளுங்கதான் அண்ணே" என்றார் டைல்ஸ்காரர். இந்த முறை சிரிக்கவில்லை. "சீக்கிரம் வேலையை முடிக்கச் சொல்லி நான்தான் அனுப்பினேன். தொப்பியும் நான்தான் கொடுக்கச் சொன்னேன். காலியா கிடக்கிற படியில எவன் வந்து முதல்ல உட்காருவான், சொல்லுங்க?"

ஆக, அவர் சந்தேகம் சரி! நிரூபணமும் ஆகிவிட்டது. கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்காரர் வாயைத் திறக்காமல் சும்மா இருந்தாலே போதும், ஞாயிற்றுக்கிழமை தப்பித்துவிடும். கால்பந்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பாதிப்பேர் கூட்டிட்டு வந்த கூட்டம்தான்," என்றார் மைக்காரர். "ஆனா ஒருத்தர் தானா வந்தாங்க. எனக்கு நல்லாத் தெரியும். கூலிக்கு வந்தவன் கை தட்டுவான், திட்டமாட்டான். அவங்க திட்டினதை நான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

மாதத்தில் முதல் ஞாயிறு கால்பந்துக்கு, மற்றது கிரிக்கெட்டுக்கு என்று முடிவானது. அந்த முதல் ஞாயிறு கூடாரத்துக்குள் நுழைகிற ஒட்டகத்தின் மூக்கா, வெறும் மூக்கா என்று மைக்காரருக்கு அப்போதே ஒரு சந்தேகம். சொல்லவில்லை.

வெளியே மனைவி கேட்டருகில் காத்திருந்தார். இருவரும் நடந்தார்கள்.

"முதல் ஆட்டத்துக்கும் வந்திருந்தியா?"

"வந்திருந்தேன்."

"'யார் அடிச்சா'ன்னு நான்..."

"கேட்டேன்."

"வீட்டுக்கு வந்து அவ்வளவு புளுகினேனே. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க" என்றார் மனைவி. "எத்தனை நாள் கழிச்சு உட்கார்ந்து என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினீங்க! பொய்யா இருந்தா என்ன?"

"கிரிக்கெட்டுக்கு ஒரு நாள்கூட வந்ததில்லையே நீ" என்றார் மைக்காரர்.

"வந்தேனே, கல்யாணமான புதுசுல. ஊர்ல உள்ள அத்தனை பேர்கிட்டயும் மைக்ல பேசினீங்க. வீட்டுக்கு வந்து தொண்டை இல்லைன்னு கையைக் காட்டினீங்க. அதுக்கப்புறம் எதுக்கு வரணும்னு விட்டுட்டேன். இந்த ஆட்டத்துல யாரும் மைக்ல பேசுறதில்ல. நான் பாட்டுக்குக் கத்திட்டு வருவேன்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் சுத்தமாக அடைத்துக்கொண்டது.

மைக்காரர் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். "போதும், பேசாதே. தொண்டை போயிடும்."

மனைவி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, விரலை அவர் பக்கம் நீட்டி, பிறகு தன் வாயருகே கொண்டுபோய் விரித்துக் காட்டினார். நீங்கள் பேசுங்கள் என்று அர்த்தம்.

மைக்காரர் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாமல் எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு நிமிஷம் திணறினார்.

"அந்த ஆஃப்சைடுன்னு ஒண்ணு சொல்றானுங்களே," என்றார் கடைசியில், "அதுல என்னமோ தில்லுமுல்லு இருக்கு. அழகா கோல் போட்டான், ஒருத்தன் கொடியைத் தூக்கினான், கோல் இல்லைங்கிறான். யாரைக் கேட்டுத் தூக்கினான்? அவனுக்கும் டைல்ஸ்காரனுக்கும் என்ன உறவு?"

மனைவி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் விடவில்லை. வீடு வந்து, கதவைத் திறந்து, சாப்பிட உட்கார்ந்த பிறகும் பேசிக்கொண்டேயிருந்தார். போதுமென்று மனைவி உள்ளங்கையை விரித்தது சாப்பாட்டுக்கு மட்டும்தான்.